பழைய வைஸுக்குத் தேவை பளபளப்பா, பிடிப்பா?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். தபால்தலை சேர்ப்பவர்களைத் தெரியும். பழைய நாணயம், கிராமபோன் இசைத்தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு சேர்ப்பவர்களையும் தெரியும். பட்டறை மேசையில் கிடக்கும் இரும்பு வைஸைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துருப்பிடித்து இறுகிப்போன வைஸைப் பழைய இரும்புக் குவியலிலிருந்து மீட்டு, பிரித்துத் துடைத்து, மீண்டும் வேலை செய்ய வைப்பதில் அவர்களுக்குத் தனி ஆனந்தம்.

பிரிட்டிஷார் எழுதும் முறையில், ஆங்கிலத்தில் இந்தக் கருவியின் பெயரும் 'கெட்ட பழக்கம்' என்ற சொல்லும் ஒரே எழுத்துகள்தான். ஒன்றை வாங்கியவர் ஒன்றோடு நிற்பதில்லை என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று வீட்டுக்காரம்மாக்கள் சொல்லக்கூடும்!

ஆனால் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால் அதை என்ன செய்வது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. எடைக்குப் போடுவதா? வர்ணம் பூசிக் கண்ணாடி அலமாரியில் வைப்பதா? மீண்டும் மேசையில் மாட்டி வேலை வாங்குவதா? நம் வீடுகளில் பலவற்றின் பின்கட்டிலும் இந்தக் கேள்வி துருப்பிடித்தபடி காத்திருக்கிறது.

மூன்றாவது கை

வைஸைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சிறு விளக்கம். கனத்த மேசையின் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் கருவி இது. இதற்கு இரண்டு தாடைகள். ஒன்று அசையாது, மற்றொன்று முன்னும் பின்னும் நகரும். முன்னால் தொங்கும் கைப்பிடித் தண்டைச் சுற்றினால், உள்ளே இருக்கும் பெரிய திருகு நகரும் தாடையை இழுத்து வந்து அசையாத தாடையோடு சேர்க்கும். இடையில் வைத்த பொருள் சிக்கிக்கொள்ளும். பிறகு அரத்தால் ராவலாம், ரம்பத்தால் அறுக்கலாம். மலேசியாவில் இடைநிலைப் பள்ளியில் வாழ்வியல் திறன் பாடம் படித்தவர்களுக்கு 'ராகூம்' என்ற மலாய்ப் பெயர் நினைவிருக்கும். பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்றும் 'வைஸ்'தான்.

மனிதனுக்கு இருப்பது இரண்டு கை. பொருளைப் பிடிக்க ஒன்று போய்விட்டால், வேலை செய்ய மிஞ்சுவது ஒன்றே. வைஸ் பிடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அதனால்தான் இதைத் தொழிலாளியின் மூன்றாவது கை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த மூன்றாவது கையின் வலிமையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் தாடை 5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியைத் திருகின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருந்தால், ஒரு சுற்றில் கை கடக்கும் தூரம் ஏறக்குறைய 940 மில்லிமீட்டர். ஆக, கை 188 பங்கு தூரம் போனால் தாடை 1 பங்குதான் போகிறது. தூரத்தில் விட்டது விசையில் கிடைக்கிறது. கையால் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால், ஏட்டுக் கணக்கில் தாடையில் 1,800 கிலோவுக்கு மேல் வரவேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; அப்படியும் சில நூறு கிலோ மிஞ்சும்.

விழுங்குகிற அந்த உராய்வே நமக்கு உதவியும் செய்கிறது. கையை எடுத்த பிறகும் திருகு தானாகப் பின்னால் சுற்றாமல் நிற்கக் காரணம் அதுதான். இறுக்கிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் பிடி தளர்ந்திருக்காது.

கொல்லர் மேசையிலிருந்து சிகாகோ வரை

இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு முன்னால் இருந்தது கொல்லர்களின் கால் வைஸ். அதன் ஒரு தாடையிலிருந்து நீண்ட இரும்புக் கால் ஒன்று தரைவரை இறங்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது, அந்த அடியின் வேகம் மேசைக்குப் போகாமல் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும். அடித்து உருவாக்கிய இரும்பு என்பதால் எத்தனை அடியையும் தாங்கும்.

தொழிற்சாலைகள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், அச்சில் வார்த்த வார்ப்பிரும்பு வைஸ்கள் மேசைக்கு வந்தன. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம், விலையும் குறைவு. வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தாலோ ஓங்கி அடித்தாலோ முன்னறிவிப்பின்றி உடைந்துவிடும். இந்தக் குணத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வைஸ் வாங்கும்போது இது கைகொடுக்கும்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் சார்ல்ஸ் பார்க்கர் என்பவர் 1832-இல் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி செய்யத் தொடங்கினார். அவர் பெயரால் வளர்ந்த நிறுவனம் பின்னாளில் வைஸும் செய்தது, பெயர்பெற்ற வேட்டைத் துப்பாக்கியும் செய்தது. பென்சில்வேனியாவின் வேன்ஸ்போரோ நகரில் எமர்ட் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற வைஸ் இன்னொரு வகை. மேசையில் மாட்டியபடியே அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், சாய்க்கலாம். வார்ப்படச் சாலைகளுக்கு மரத்தில் மாதிரி உரு செதுக்கும் தச்சர்களுக்காகச் செய்யப்பட்டது அது. ஆமை ஓட்டைப் போன்ற அதன் முதுகைக் கண்டால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள்.

செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் என்பவர் 1941-இல் சிகாகோவில் வில்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வைஸின் திருகைத் துப்பாக்கிக் குண்டு வடிவ உறைக்குள் மூடிவைத்தார். இரும்புத்தூள் உள்ளே போகாது. போட்ட கிரீஸ் வெளியே வராது. இந்த வைஸின் நகரும் தண்டுக்கு அடியில் ஒரு தேதி பொறித்திருக்கும். தொடக்க காலத்தவற்றில் அது தயாரித்த நாள் அல்ல. ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் நாள். அதிலிருந்து 5 ஆண்டைக் கழித்தால் வைஸ் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். உடம்பில் 'சிகாகோ' என்று வார்த்திருந்தால், நிறுவனம் ஷில்லர் பார்க் என்ற இடத்துக்கு மாறுவதற்கு முந்தையது என்று பொருள்.

இங்கிலாந்தின் பங்கும் சிறிதல்ல. யார்க்ஷயரில் பார்க்கின்சன் நிறுவனம் 1880-களில் விரைவாகத் திறக்கும் வைஸைக் கொண்டுவந்தது. நெம்புகோலை அழுத்தினால் உள்ளே திருகைக் கவ்வியிருக்கும் பாதி மரை விலகிக்கொள்ளும். தாடையை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவரலாம். பத்துச் சுற்றுச் சுற்றும் நேரம் மிச்சம். நாள் முழுவதும் பலகை மாற்றிக்கொண்டிருக்கும் தச்சனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

நம் வட்டாரத்தில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஷெஃபீல்டின் ரெக்கார்ட். ஹாம்ப்டன் நிறுவனம் 1909-இல் பதிவுசெய்த வணிகப் பெயர் அது. நீல வர்ணம், பக்கவாட்டில் எழும்பி நிற்கும் எழுத்து, அருகில் ஓர் எண். எண் 3 என்றால் தாடையின் அகலம் 4 அங்குலம். எண் ஐம்பத்திரண்டரை என்றால் 9 அங்குல மரவேலை வைஸ். பட்டறைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். 2000-களின் தொடக்கத்தில் அந்தப் பெயர் கைமாறி, இர்வின் என்ற அமெரிக்கப் பெயரோடு இணைந்தது. ஷெஃபீல்டில் வார்த்த பழைய உருப்படிகளுக்கு மதிப்பு கூடியதும் அதன் பிறகுதான்.

இங்கே எப்படி வந்தன?

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இரயில்வே பட்டறைகள், ஈயச் சுரங்கங்கள், துறைமுகங்கள், இரப்பர்த் தோட்டத் தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்கான கருவிகள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்தன. கோலாலம்பூர் செந்தூலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வே மத்தியப் பட்டறை, தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த இடம். செந்தூல் வட்டாரத்தில் நம்மவர் குடியிருப்பும் கோயிலும் பள்ளியும் வளர்ந்ததற்கு அந்தப் பட்டறையும் ஒரு காரணம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் 1938-இல் மாபெரும் கப்பல் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டது. அந்தக் கடற்படைத் தளத்திலும் இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1968-இல் அந்தத் துறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது.

இந்த இடங்களில் பிட்டராகவும் டர்னராகவும் தச்சராகவும் இருந்தவர்கள் நம் தாத்தாக்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் நின்றது இப்படிப்பட்ட வைஸுக்கு முன்னால்தான். எழுத்தில் வராத அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றில், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பக்கம் ஒன்று உண்டென்றால் அது அவர்களின் கருவிதான்.

அந்தக் கருவிகள் பிறகு பல வழியாகச் சிதறின. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வைஸும் அரமும் ஸ்பேனரும் தார்ப்பாயில் விரித்துக் கிடந்த காலம் உண்டு. அந்தச் சந்தை 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது. மலேசியாவில் ஈப்போ, ஜொகூர் பாரு முதலிய ஊர்களில் நடக்கும் பழைய பொருள் சந்தைக்கு 'பாசார் காராட்' என்றே பெயர். நேர்ப் பொருள் 'துருச் சந்தை'. எவ்வளவு பொருத்தமான பெயர்!

சந்தைக்கு வருவது கொஞ்சம்தான். வீட்டை இடிக்கும்போதும் கடையை மூடும்போதும் மற்றவை நேராகப் பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகின்றன. அவரிடம் எல்லாம் ஒரே விலை; கிலோவுக்கு இத்தனை வெள்ளி. அறுபது ஆண்டு உழைத்த ஷெஃபீல்டு வைஸுக்கும் உடைந்த ஜன்னல் கம்பிக்கும் அவருடைய தராசில் வித்தியாசம் கிடையாது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

சரி, சந்தையில் ஒன்று கண்ணில் படுகிறது. துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். துரு பெரும்பாலும் மேல்தோல். பயப்படவேண்டியது விரிசலைக் கண்டுதான்.

முதலில் தாடையை முழுவதும் திறந்து, நகரும் பகுதியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தாடைக்குக் கீழே கழுத்து போன்ற இடத்தையும், போல்ட் போடும் காதுகளையும் விரலால் தடவுங்கள். மயிரிழை போன்ற கோடு தென்பட்டால் யோசியுங்கள். மஞ்சள் நிறக் கோடு தெரிந்தால், உடைந்ததைப் பித்தளை ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நன்றாக ஒட்டியது பல காலம் உழைக்கும். ஆனால் நல்ல வைஸின் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. புது வர்ணம் அடித்து விற்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. வர்ணம் எதையும் மறைக்கும்.

அடுத்து கைப்பிடித் தண்டு. அது வில்லாக வளைந்திருந்தால், யாரோ அதில் நீளக் குழாயைச் செருகி அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வார்ப்பிரும்பு உள்ளுக்குள் நொந்துபோயிருக்கும். தாடைத் தகடுகள் இருக்கின்றனவா, திருகின் மரை தேய்ந்து கத்திமுனை போல் கூர்மையாகிவிட்டதா என்பதையும் பார்க்கவேண்டும். தகட்டைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

கடைசியாக ஒரு காகிதச் சோதனை. மெல்லிய காகிதத் துண்டுகள் இரண்டைத் தாடையின் இரு ஓரத்திலும் வைத்து இலேசாக இறுக்குங்கள். இரண்டும் இழுத்தால் வராமல் நின்றால் தாடைகள் நேராகச் சேர்கின்றன. ஒன்று மட்டும் வழுக்கி வந்தால் தாடை கோணல். அல்லது தகடு தேய்ந்திருக்கிறது.

துருவை வெல்லும் வழி

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுத்தியலை எடுப்பவர் தோற்றார். முதல் வேலை, எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பது. எந்த வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்பது மூன்று வாரம் கழித்து நினைவுக்கு வராது.

இறுகிப்போன திருகுக்கும் தாடைத் தகட்டின் ஸ்குரூவுக்கும் துருவுக்குள் இறங்கும் எண்ணெயை விட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரு நாள் அல்ல, நான்கைந்து நாள். தினமும் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தட்டல், முன்னும் பின்னுமாகச் சிறு அசைவு. அறுபது ஆண்டாக இறுகியது அரை மணியில் இளகவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பிரித்த பிறகு துருவை நீக்கச் சேகரிப்பாளர்கள் விரும்பும் வழி மின்சாரத் தொட்டி. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. காருக்கான 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸின் பாகத்தோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டோடும் இணைக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சில மணி நேரத்தில் நுரை கட்டித் துரு கறுத்து இளகிவிடும்; தூரிகையால் தேய்த்தால் கழன்று வரும். நல்ல இரும்பு கரைவதில்லை என்பதே இந்த முறையின் பெருமை.

ஆனால் எச்சரிக்கைகள் உண்டு. இதை இளைஞர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். தொட்டியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான வெளியிடத்தில்தான் செய்யவேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாக நீரில் கலக்கும். சலவைச் சோடாவுக்குப் பதில் உப்பைப் போடக்கூடாது. குளோரின் வாயு வரும். கையை விடும் முன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்.

மின்சாரம் வேண்டாம் என்பவர்களுக்கு வினிகரோ எலுமிச்சை அமில உப்போ உதவும். ஆனால் அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் அரிக்கும். அடிக்கடி எடுத்துப் பார்த்து, முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவிவிடவேண்டும்.

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். தீச்சுவாலை காட்டினால் புகையாகும். ஈரப்படுத்தித்தான் சுரண்டவேண்டும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே விடக்கூடாது.

நம் நாட்டுக் காற்றின் ஈரத்துக்கு ஒரு தனிக்குணம். துரு நீங்கிய இரும்பைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மீண்டும் செம்மை படர்ந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர் ஆற அமரச் செய்வதை நாம் உடனே செய்யவேண்டும். கழுவிய கையோடு துணியால் துடைத்து, சூடான காற்றில் உலர்த்தி, வர்ணம் பூசும் இடத்தில் முதல் பூச்சு, மற்ற இடங்களில் எண்ணெய். தாடை சறுக்கும் பரப்பிலும் திருகிலும் தாடைத் தகட்டிலும் வர்ணம் படக்கூடாது. திருகுக்குக் கிரீஸ், சறுக்கும் பரப்புக்கு மெல்லிய எண்ணெய். மாட்டிய பிறகு ஒரே விரலால் கைப்பிடியைச் சுழற்ற முடிந்தால் வேலை வெற்றி.

மூன்று கட்சிகள்

இனி வருவதுதான் சண்டை. வைஸ் சேர்ப்பவர்களிடையே மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி, பளபளப்புக் கட்சி. வார்ப்பில் உள்ள மேடு பள்ளங்களை மாவு பூசி நிரப்பி, கார் வர்ணம் அடித்து, கைப்பிடியைக் கண்ணாடி போல் மெருகேற்றுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அப்படிப்பட்ட வைஸில் ஓர் இரும்புத் துண்டை மாட்டச் சொந்தக்காரருக்கே மனம் வராது. கீறல் விழுந்துவிடுமே!

இரண்டாவது, தொடாதே கட்சி. துருவும் அழுக்கும்கூட வரலாறு, அப்படியே விட்டுவிடு என்பார்கள். அருங்காட்சியகப் பொருளுக்கு அது சரி. ஆனால் நமது ஈரக் காற்றில் துருவை அப்படியே விட்டால், இன்று மேல்தோலாக இருப்பது நாளை திருகின் மரையைத் தின்றுவிடும். சும்மா விடுவதும் ஒரு வகையில் அழிப்பதுதான்.

மூன்றாவது, வேலைக் கட்சி. பிடிக்கும் சக்தியைத் திருப்பிக் கொடு. மற்றதைத் தொடாதே என்பது இவர்கள் கொள்கை. நியாயம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

காரணம் எளிது. வைஸ் என்பது பிடிப்பதற்காகப் பிறந்த பொருள். பிடி இல்லாத வைஸ், வர்ணம் எவ்வளவு மின்னினாலும் வெறும் எடைக்கல். பிடி திரும்பிய வைஸ், மேலெல்லாம் தழும்பு இருந்தாலும் முழுமையான வைஸ். தழும்புகளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தாடையின் வலது ஓரத்தில் ரம்பம் பட்ட வெட்டுகள் அதிகம் இருந்தால், அங்கே நின்றவருக்கு வலதுகைப் பழக்கம் என்று ஊகிக்கலாம். சிலவற்றில் உளியால் பொறித்த எழுத்து இருக்கும். அடுத்தவர் எடுத்துப் போகாதிருக்க ஒரு தொழிலாளி இட்ட அடையாளம். சிலவற்றில் அம்புக்குறி இருக்கும். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை அது. இவற்றைத் தேய்த்து வழவழப்பாக்குவது, பழைய கடிதத்தைச் சலவைக்குப் போட்டு வெள்ளைத் தாளாக்குவதற்குச் சமம்.

ஆகவே செய்யக்கூடாதவை மூன்று. தயாரித்தவர் பெயரையும் எண்ணையும் தேய்க்கக்கூடாது. உழைத்தவர் இட்ட குறியை நிரப்பக்கூடாது. பிறகு வருபவர் நீக்க முடியாத எதையும் சேர்க்கக்கூடாது. வர்ணத்தை நீக்கலாம், அரைத்து எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

கையில் இருக்கும்போதே

"கடையில் புதிது கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு சிரமம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான புதிய வைஸ்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. இலகுவான வேலைக்கு அவை போதும். ஆனால் பழையவற்றில் இரும்பைத் தாராளமாகப் போட்டார்கள். கனமான தாடை அசைந்து கொடுக்காது. அரம் அதிராமல் ஓடும். இது தேவையில்லாத பழமைப் பற்று அல்ல. கையில் அரத்தைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும் வித்தியாசம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரயில்வேயிலோ தோட்டத் தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற தாத்தா. பின்கட்டில் அவருடைய மேசை. அதில் அவருடைய வைஸ். அவர் இருக்கும்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் போன பிறகு இடத்தை அடைக்கிறது என்று இரும்புக்காரரைக் கூப்பிடுகிறார்கள். சில வெள்ளி கிடைக்கிறது. ஓர் ஆணியை நேராக்க, ஒரு சாவியை ராவ, வீட்டில் எவருக்கும் தெரியாமல் போகிறது.

வைஸை விற்றதால் மட்டும் வந்த இழப்பு அல்ல இது. அதன் முன்னால் எப்படி நிற்பது, இடது காலை எங்கே வைப்பது, அரத்தை எப்படித் தட்டையாகத் தள்ளுவது, பித்தளையைப் பிடிக்கும்போது தாடையில் எதை மடித்து வைப்பது என்பதெல்லாம் அந்தப் பெரியவரின் கையில் இருந்த கல்வி. அது புத்தகத்தில் முழுமையாக வராது. வைஸும் இருந்து பெரியவரும் இருந்து பேரப்பிள்ளையும் பக்கத்தில் நின்றால்தான் அது கைமாறும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறுந்துவிடும்.

ஆகவே நேயர்களே, வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வைஸ் கிடந்தால், இந்த வாரக் கடைசியில் ஒரு பழந்துணியும் கொஞ்சம் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரைத் துடைத்துப் படியுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால், "தாத்தா, இது எங்கிருந்து வந்தது? இதில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துருவை எடுப்பதற்கு இன்னும் பல வாரம் இருக்கிறது. அவரிடம் கேட்பதற்குத்தான் நேரம் குறைவு.

பிறகு அதை மேசையில் மாட்டுங்கள். அலமாரியில் அல்ல, மேசையில். பிள்ளையின் கையில் ஓர் அரத்தைக் கொடுங்கள்.